எதிர் அறையின் அட்டை

இந்த முதியோர் குடியிருப்புக்கு வந்த முதல் நாளே நான் சண்டை போட்டது ஓர் அட்டையோடு.

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் அட்டை. ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் பச்சை. மாடியில் இருக்கும் பதினாறு அறைகளின் கதவிலும், கைப்பிடிக்கு மேலே ஒரு கொக்கியில் தொங்கும். இரவு ஒன்பது மணிக்குப் பணிப்பெண் வரிசையாக வந்து எல்லாவற்றையும் சிவப்புக்குத் திருப்பிவிட்டுப் போவார். காலையில் எழுந்ததும் நாம் கதவைத் திறந்து அதைப் பச்சைக்குத் திருப்ப வேண்டும். எட்டு மணிக்கு மறுபடி ஆள் வரும். பச்சையாக இருந்தால் தாண்டிப் போய்விடுவார்கள். சிவப்பாக இருந்தால் தட்டுவார்கள். தட்டியும் பதில் இல்லையென்றால் தங்களிடம் இருக்கும் சாவியைப் போட்டுத் திறந்துவிடுவார்கள்.

விஷயம் புரிந்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நான் இன்றைக்கும் சாகவில்லை என்று தினமும் கதவில் போர்டு மாட்ட வேண்டுமா என்று அலுவலகத்தில் போய்க் கேட்டேன். மேலாளர் ஒரு சீனப் பெண்மணி. ரப்பர் தோட்டத்துக் கடைக்காரரின் மகளாகப் பிறந்தவர், அதனால் தமிழ் நம்மைப் போலவே, கடைசியில் ஒரு மலாய் ‘லா’வும் ஒட்டிப் பேசுவார். என் கத்தலை முழுசாகக் கேட்டுவிட்டு, "மிஸ்ஸி, நீங்க எல்லாரும் திருப்பினாத்தான் எனக்குக் காப்பி உள்ள எறங்கும் லா" என்றார். இங்கே நர்ஸ்களை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்றுப் பதினொரு வருஷமாகியும் அந்தப் பெயர் என்னை விடவில்லை.

முப்பத்து நான்கு வருஷம் அரசாங்க மருத்துவமனைகளில் வேலை பார்த்தேன். கடைசிப் பன்னிரண்டு வருஷம் ஒரு வார்டு முழுவதும் என் பொறுப்பில் இருந்தது. அங்கே நான் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான்: கண்ணால் பார்க்காத எதையும் சார்ட்டில் எழுதக் கூடாது. ஒருமுறை ஒரு நர்ஸ் நான்கு மணிக்குப் பார்க்க வேண்டிய நாடித்துடிப்பை மூன்று மணிக்கே எழுதிவைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டாள். நான்கு மணிக்கு அந்த ஆள் எப்படி இருப்பான் என்று உனக்கு யார் வந்து சொன்னது என்று வார்டு நடுவில் நிற்கவைத்துக் கேட்டேன். அவள் அழுதாள். எனக்கு அப்போது துளிகூட இரக்கம் வரவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பது கொஞ்சம் போனால் தெரியும்.

என்னை யாரும் இங்கே கொண்டுவந்து தள்ளவில்லை. மகன் பூச்சோங்கில் இருக்கிறான். மருமகள் நல்ல பெண். நான்தான் சரியில்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து வீடு முழுவதும் விளக்கைப் போட்டு, தூங்குகிறவர்களை எல்லாம் நோயாளிகளைப் பார்ப்பது போல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? கணவர் போன பிறகு அந்தப் பழக்கம் இன்னும் முற்றிவிட்டது. நானாகவே இந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். கிள்ளானிலிருந்து மேரு போகிற சாலையில், தொழிற்சாலைகளுக்கு நடுவில் இருக்கிறது. ஏரியைப் பார்த்த அறைகள் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். ஏரி என்று அவர்கள் சொன்னது வெள்ளநீர் தேங்குவதற்காக வெட்டிய குட்டை. அதில் ஓர் உடும்பு குடியிருந்தது. குட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு தளவாடத் தொழிற்சாலை. நாள் முழுவதும் லோரிகளில் சோபா ஏறிக்கொண்டே இருக்கும்.

எதிர் அறையில் இருந்தவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர். எல்லாருக்கும் அவர் அக்காதான். நாற்பது வருஷம் பாசார் மாலாமில் வடை சுட்டு விற்றவர். ஒரு நாள் மேரு, மறுநாள் காப்பார், சனிக்கிழமை கிள்ளான் என்று அந்த இரவுச் சந்தை எங்கே கூடுகிறதோ அங்கே அவருடைய அடுப்பும் லோரியில் ஏறிப் போகும். கடையைச் சுருட்டிக்கொண்டு வீடு வந்து, குளித்து, படுக்க இரண்டு மணி ஆகும். எழுவது காலை பத்துக்கு. கடையை விட்டு ஆறு வருஷம் ஆகியும் அந்தத் தூக்கம் மாறவில்லை. எட்டு மணிக்கு ஆள் வந்து கதவைத் தட்டும்போதெல்லாம் உள்ளேயிருந்து வரும் வசவு எனக்கே காது கூசும்.

நான் வந்த இரண்டாவது வாரம் அக்கா என்னைத் தாழ்வாரத்தில் பிடித்துக்கொண்டார்.

"மிஸ்ஸி, நீ எப்படியும் ஆறரைக்கெல்லாம் நடக்கப் போற. போற போக்குல என் அட்டையையும் ஒரு திருப்புத் திருப்பிட்டுப் போயேன். ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

எனக்கு அந்த அட்டை மேல் ஏற்கெனவே கடுப்பு. அதை ஏமாற்ற ஒரு வழி கிடைத்ததே என்று சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து ஆறரைக்கு என் கதவைத் திறப்பேன், என் அட்டையைத் திருப்புவேன், மூன்று அடி நடந்து எதிர் அட்டையையும் திருப்புவேன். கொக்கியில் டக்கென்று ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான் வேலை. பத்து மணிக்கு அக்கா எழுந்து, இஞ்சி தட்டிப்போட்டு இரண்டு கோப்பை தே ஓ கலக்கிக்கொண்டு வருவார். பால் இல்லாத அந்தத் தேநீரைத் தாழ்வாரக் கடைசியில் இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து குடிப்போம். ஞாயிற்றுக்கிழமை கீழே சமையலறையில் அனுமதி வாங்கி வடையும் சுடுவார். உடும்பு கரையேறினால் அன்றைக்கு நல்ல நாள் என்பது அவருடைய ஜோசியம். அது தினமும் கரையேறும்.

அந்த பெஞ்சில்தான் அக்காவின் கதையெல்லாம் தெரிந்துகொண்டேன். தோட்டத்து லயத்து வீட்டில் ஒன்பது பேரோடு பிறந்து வளர்ந்தவர். கல்யாணமாகிப் போன இடத்தில் எட்டுப் பேர். கடைசியில் அம்பாங்கில் மகளுடைய பதினான்காம் மாடி வீடு. மகளும் மருமகனும் வேலைக்குப் போகும்போது, அம்மா எங்கேயாவது இறங்கி வழி தவறிவிடுவாரோ என்ற பயத்தில் வெளியே பூட்டிக்கொண்டு போவார்கள். அன்பில்தான் பூட்டினார்கள், அக்காவும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் எழுபது வயதுக்கு மேல்தான் தன் பெயரில் ஓர் அறையும் தன் கையில் அதற்கு ஒரு சாவியும் கிடைத்தது என்பார். அந்தச் சாவியைச் சட்டைக்குள் ஊக்குப் போட்டுக் குத்தி வைத்திருப்பார். குளிக்கப் போகும்போது மட்டும்தான் கழற்றுவார்.

இப்படி ஒன்றரை வருஷம் போனது.

ஒரு வியாழக்கிழமை நான் பிரிக்பீல்ட்ஸ் போக வேண்டியிருந்தது. உறவில் ஒரு கல்யாணம். என் ரவிக்கையை என் அளவுக்குத் தைக்கத் தெரிந்த ஒரே தையல்காரர் அங்கேதான் இருக்கிறார். பத்து மணி தே ஓவுக்கு நான் இருக்க மாட்டேன், மத்தியானம் ஒரு மணிக்குள் வாழையிலைச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று முந்தின நாளே சொல்லிவைத்தேன். பாகற்காய் வறுவல் நிறைய வைக்கச் சொல் என்றார் அக்கா.

காலையில் அவசரம். கிள்ளான் ஸ்டேஷனுக்குப் போகக் கூப்பிட்டிருந்த கார் கீழே வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கைப்பேசியில் சாமிப் பாட்டைச் சத்தமாக வைத்திருந்தேன். என் அட்டையைத் திருப்பினேன். அக்காவின் அட்டையைத் திருப்பினேன். லிப்டில் இறங்கிப் போய்விட்டேன்.

திரும்பி வரும்போது ஒரு மணி ஆக ஐந்து நிமிஷம். எதிர்க் கதவில் அட்டை பச்சையாக இருந்தது. தட்டினேன். பதில் இல்லை. இன்னொருமுறை தட்டினேன். உள்ளே எங்கேயோ ஆழத்தில் டொக், டொக் என்று மெதுவாக ஏதோ தரையில் மோதும் சத்தம். தண்ணீர் மொள்ளும் பிளாஸ்டிக் குவளையின் சத்தம் அது. கத்தி ஆளைக் கூப்பிட்டேன்.

ஆள் ஓடிவந்து சாவி போட்டுத் திறந்தார்கள். குளியலறையில் அக்கா ஒருக்களித்துக் கிடந்தார். வலது பாதம் வெளிப்பக்கம் சரிந்து, அந்தக் கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிந்தது. இடுப்பெலும்பு போய்விட்டது என்று பார்த்தவுடனே தெரிந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. பக்கத்து அறைக்காரருக்குக் காது கேட்காது. நான் மண்டியிட்டுக் கையைப் பிடித்து நாடி பார்த்தேன். அக்கா கண்ணைத் திறந்தார்.

"பாகக்கா வறுவல் வாங்கினியா?"

விழுந்தது ஐந்து மணிக்குக் கொஞ்சம் பிறகு. கிட்டத்தட்ட எட்டு மணி நேரம் அந்தத் தரையில் கிடந்திருக்கிறார்.

ஆம்புலன்ஸ் போன பிறகு மேலாளர் வேலையாட்களை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். இரவில் அட்டைகளைத் திருப்பும் பெண்மணி திருச்சிப் பக்கத்திலிருந்து வேலைப் பெர்மிட்டில் வந்தவர், இரண்டு கல்லூரிப் பிள்ளைகளின் தாய். ஐந்து மணிக்கு விழுந்தவரின் அட்டை எட்டு மணிக்குப் பச்சையாக இருந்தால், முந்தின இரவு அது சிவப்புக்குத் திரும்பவே இல்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்துகொண்டிருந்தார். நான் வாழையிலைப் பொட்டலத்தோடு கதவுக்கு வெளியே நின்றேன். ஒரு நிமிஷம் பேசாமல் நின்றேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

பிறகு உள்ளே போய், அட்டையைத் திருப்பியது நான்தான், ஒன்றரை வருஷமாகத் தினமும் நான்தான் திருப்புகிறேன் என்று சொன்னேன். மேலாளர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன், பாரம் குறைந்திருக்கும். அவர், "நீங்களே ஒரு மிஸ்ஸி லா" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு என் அறையில் உட்கார்ந்து, நாடித்துடிப்பை முன்கூட்டி எழுதிய அந்த நர்ஸை நினைத்து அழுதேன். அவள் ஒரு மணி நேரம்தான் முன்னால் எழுதினாள். நான் ஒன்றரை வருஷம் எழுதியிருக்கிறேன்.

அறுவைசிகிச்சை நல்லபடியாக நடந்தது. பத்தாம் நாள் மகள் அக்காவை அம்பாங்குக்குக் கூட்டிப் போய்விட்டார். துணிமணி எடுக்க வந்தபோது அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா தானே உங்களிடம் கேட்டாராம் ஆன்டி, அதனால் உங்கள் மேல் கோபமில்லை, ஆனால் இனிமேல் இங்கே விட மனசு வரவில்லை என்றார். பெற்ற தாய் எட்டு மணி நேரம் தரையில் கிடந்ததைக் கேட்ட எந்த மகளும் வேறு எப்படிச் சொல்வாள்? மேலாளர் அறையை மூன்று மாதம் பிடித்துவைக்க ஒத்துக்கொண்டார். அதற்குள் அக்கா யார் கையையும் பிடிக்காமல் அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடம் வரை நடந்து போகத் தேறினால் மாடிக்கு வரலாம். தேறாவிட்டால் கீழ்த்தளத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களோடு ஒரு கட்டில். அக்கா கீழ்த்தளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்படியானால் பதினான்காம் மாடிதான், பூட்டிய கதவுதான்.

நான் ஒரு வேலை செய்தேன். அக்காவின் கதவிலிருந்து லிப்ட் வரைக்கும் சின்னச் சின்ன அடி வைத்து எண்ணினேன். நாற்பத்தொன்று. கீழே லிப்டிலிருந்து சாப்பாட்டு மேசை வரைக்கும் இருபத்தேழு. மொத்தம் அறுபத்தெட்டு. அதை ஒரு காகிதத்தில் எழுதிப் பைக்குள் வைத்துக்கொண்டு புதன்கிழமை கொமுட்டர் ரயில் ஏறி, மாறி, அம்பாங் போய்ச் சேர்ந்தேன்.

அக்கா ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். பிடித்துக்கொண்டு நடப்பதற்கான நான்கு கால் நடைச் சட்டம் சுவரோரம் நின்றது. பாதியாக இளைத்திருந்தார். சட்டையில் அந்த ஊக்கு இருந்தது, ஊக்கில் சாவி இருந்தது. ரயிலில் வழி நெடுக யோசித்து வைத்திருந்த மன்னிப்பையெல்லாம் கொட்ட ஆரம்பித்தேன். பார்க்காததை எழுதாதே என்று ஊருக்கெல்லாம் சட்டம் சொன்னவள் நான், உங்கள் விஷயத்தில் பார்க்காமலே எழுதிவிட்டேன் என்றேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ அட்டையைத் திருப்பின சத்தம் எனக்குக் கேட்டுச்சு."

எனக்குப் புரியவில்லை. விழுந்து கிடந்தபோதா என்று கேட்டேன்.

"ஆமா. பாட்டு வெச்சிக்கிட்டு வந்த. டக்குனு திருப்பின. கூப்பிட்டேன், கொரல் வரல. எட்டு மணிக்கு அந்தப் பொண்ணு செருப்புச் சத்தமும் வந்துச்சு, நின்னுச்சு, போயிடுச்சு. அந்தக் கொவள அதுக்கப்புறந்தான் கைக்கு எட்டுச்சு."

"அப்ப என்னக்கா நெனச்சீங்க?"

"என்னத்த நெனைக்க. மிஸ்ஸி ஒரு மணிக்கு வாழையெலயோட வருவா, அது வரைக்கும் கண்ண மூடிடக் கூடாதுன்னு நெனச்சேன். வந்திட்ட லா. அப்புறம் என்ன?"

நான் அழுதேன். வார்டில் முப்பத்து நான்கு வருஷமாக யார் முன்னாலும் அழாதவள், அந்தப் பதினான்காம் மாடியில் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். அக்கா கொஞ்ச நேரம் அழ விட்டார். அப்புறம், அழுது முடித்துவிட்டாயென்றால் அந்த நடைச் சட்டத்தை இங்கே தள்ளு, வெறுமனே உட்கார்ந்திருந்தால் இடுப்பு ஒட்டிக்கொள்ளும் என்றார். காகிதத்தை எடுத்துக் காட்டினேன். அறுபத்தெட்டைப் பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்று கேட்டார். அன்றைக்கு அவரால் வைக்க முடிந்தது நான்கு அடி.

அதிலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் போனேன். மற்ற நாட்களில் சாயங்காலம் மகள் நடக்க வைத்தார். நான் போகிற நாளில் வீட்டுக்கு வெளியே, அடுக்குமாடியின் நீண்ட நடைபாதையில் பயிற்சி. நான் பின்னால் நின்று குதிகாலை ஊன்றுங்கள், கீழே பார்க்காதீர்கள், அவசரப்படாதீர்கள் என்று அதட்டுவேன். அக்கா முன்னால் போய்க்கொண்டே என்னைத் திட்டுவார். எங்கள் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்து மூடும். அடியை அக்கா வடைக் கணக்கில்தான் எண்ணுவார். ஓர் அடி வைத்தால் ஒரு வடை விற்றது. பதினைந்து வடை விற்றவுடன் நாற்காலியில் உட்கார்ந்து, இன்றைக்குச் சந்தையில் கூட்டமில்லை என்பார். இரண்டாவது மாதக் கடைசியில் நாற்பது வடைக்கு வந்துவிட்டோம்.

அப்போதுதான் ஒரு சறுக்கல். ஒரு சாயங்காலம் நடைச் சட்டம் கதவு விளிம்பில் இடறி அக்கா தடுமாறிவிட்டார். மகள் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. ஆனால் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. அடுத்த புதன்கிழமை நான் போனபோது பத்து அடிக்கு மேல் ஒப்புக்கொள்ளவில்லை. மகள் என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய், அறையை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன் ஆன்டி, நான் ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டே இருக்க முடியாது என்றார். எனக்குப் பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன்? அந்தப் பயத்தை அவருக்குக் கொடுத்ததே நான்தான். வாழ்க்கையில் அபூர்வமாக வாயை மூடிக்கொண்டேன். இன்னும் மூன்று புதன்கிழமை பாக்கி இருக்கிறது, அது வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் கேட்டேன்.

வரவேற்பறையில் அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நான் திரும்பி வந்ததும் எழுந்து நின்று, கதவைத் திற என்றார். அன்றைக்கு இருபத்தைந்து வடை. அதற்கு அடுத்த வாரம் ஐம்பது.

கடைசிப் புதன்கிழமை மகள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்து நடைபாதை முனையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் இந்த முனையில் நின்றேன். நடுவில் யாரும் இல்லை. அக்கா நடைச் சட்டத்தைத் தூக்கி வைத்து, அடி வைத்து, தூக்கி வைத்து, அடி வைத்துப் போனார். நாற்பத்தொன்றில் ஒரு மூச்சு விட்டார். லிப்ட் வந்தாச்சு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அறுபத்தெட்டில் மகளுக்கு முன்னால் நின்றார். உட்கார நாற்காலி போட்டிருந்தோம். அதைப் பார்க்கக்கூட இல்லை. சட்டத்தைத் திருப்பிக்கொண்டு என்னை நோக்கி நடக்க ஆரம்பித்தார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் அழவில்லை, எண்ணிக்கொண்டிருந்தேன். நூற்று முப்பத்தாறு.

மகள் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை: காலையில் அந்த அட்டையை இனி அம்மாவைத் தவிர யாரும் தொடக் கூடாது. மிஸ்ஸி தொட்டால் கையை ஒடித்துவிடுகிறேன் என்று அக்கா உறுதி கொடுத்தார்.

அக்கா எதிர் அறைக்குத் திரும்பி வந்த மறுநாள் காலை, ஆறரைக்கு என் கதவைத் திறந்தேன். என் அட்டையைத் திருப்பினேன். எதிரில் சிவப்பு. ஒன்றரை வருஷப் பழக்கம், கை தானாகப் போனது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் லிப்டுக்குப் போனேன். அன்றைக்கு நடையே ஓடவில்லை. ஏழே முக்காலுக்கு மேலே வந்து, சாவியைத் தேடுகிறவள் போல என் கதவு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே டக், டக் என்று நடைச் சட்டத்தின் சத்தம் வந்தது. கதவு திறந்தது. தலைமுடி கலைந்து, முகம் உம்மென்று, ஒரு கண் மட்டும் திறந்தபடி அக்கா வந்து அட்டையைத் திருப்பினார். என்னைப் பார்த்து, காலங்காத்தால இங்கே என்ன வேடிக்கை என்று கேட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். பத்து மணிக்கு தே ஓ வந்தது. உடும்பும் கரையேறியது. அதன் பிறகு தினமும் அப்படித்தான். அந்தக் கதவு திறக்கும் வரைக்கும் நான் சாவியைத் தேடிக்கொண்டிருப்பேன்.

போன மாதம் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். எனக்கு வெகுநாளாக இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. ஒரு நாள் வயிறு சரியில்லை என்று இரவுச் சாப்பாட்டைத் தொடாமல், மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன். இந்தத் தப்பைச் செய்யும் நோயாளிகளை நான் எப்படியெல்லாம் ஏசியிருக்கிறேன் தெரியுமா? காலையில் கண் திறந்தபோது உடம்பெல்லாம் வேர்த்து நனைந்திருந்தது. கை நடுங்கியது. சர்க்கரை இறங்கிவிட்டது என்று மூளைக்குத் தெரிந்தது, எழுந்திருக்கத்தான் முடியவில்லை. கைப்பேசி மேசை மேல் இருந்தது. அந்த மேசை நான்கு அடி தூரம். கடிகாரத்தில் ஆறு நாற்பது. எட்டு மணிக்கு ஆள் வரும், அது வரைக்கும் கண்ணை மூடிவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்த பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது.

அப்போது தாழ்வாரத்தில் டக், டக் என்று சத்தம் கேட்டது. மூன்று அடி. என் கதவு தட்டப்பட்டது.

"மிஸ்ஸி."

குரல் வரவில்லை. இன்னொருமுறை தட்டினார். அதற்குப் பிறகு அந்த மாடியே எழுந்துகொள்கிற மாதிரி ஒரு சத்தம். நாற்பது வருஷம் இரவுச் சந்தையில் வடை வடை என்று கூவிய தொண்டை அது. இரண்டு நிமிஷத்தில் ஆள் வந்து சாவி போட்டுத் திறந்தார்கள். யாரோ என் தலையைத் தூக்கிச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அறை தெளிவானது. அக்கா கட்டில் ஓரத்தில் நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தலைமுடி கலைந்து நின்றார். ஆறு நாற்பதுக்கு உங்களுக்கு எப்படி விழிப்பு வந்தது என்று கேட்டேன். பத்து மணி வரை தூங்குகிறவராயிற்றே.

"ஒன் கதவு சத்தம் கேக்கல லா. நீ வந்த நாளா அந்தச் சத்தம் கேட்டுட்டுத்தான் நான் திரும்பிப் படுப்பேன். இன்னிக்கு வரல."

 எதிர்க் கதவைக் கவனித்துக்கொண்டிருப்பது நான் மட்டும்தான் என்று இத்தனை நாளாக நினைத்திருந்தேனே.

அக்கா மிச்சத்தையும் குடிக்கச் சொன்னார். குவளை காலியாகும் வரை நின்று பார்த்தார். என் நெற்றியைத் தொட்டார். பிறகு நடைச் சட்டத்தைத் தூக்கித் தூக்கி வைத்து என் கதவு வரைக்கும் போய், சிவப்பாகத் தொங்கிய அட்டையில் கையை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"கண்ணால பாத்துட்டேன். இப்பத் திருப்பலாமா, மிஸ்ஸி?"

தலையை ஆட்டினேன். டக்கென்று சத்தம் கேட்டது.